முப்பத்தொரு வீட்டு நைனா

சந்தியா மேடம் கொடுத்த தாளை ஹரிதா திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை படித்தாள். ரேணிகுண்டா தாண்டியதும் ஒரு தடவை. புத்தூரில் வண்டி நின்று, வேர்க்கடலைக் கூடைகள் ஜன்னலோரம் வந்து முட்டியபோது இன்னொரு தடவை. மூன்று தடவை படித்தும் அதில் ஒரு வார்த்தைகூட இளகிக் கொடுக்கவில்லை.

ஆந்திர மாநிலத்தை இரண்டாகப் பிரித்த வருஷம் அது. ஹரிதா திருப்பதியில் ஓவியத்தில் எம்.எஃப்.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பருவத்துப் பாடம் அப்ரோப்ரியேஷன். அடுத்தவர் எடுத்த படத்தைத் தூக்கி வந்து, வேறொரு இடத்தில் வைத்து, இதோ என் படைப்பு என்று சொல்வதுதான் அது. வெளிநாட்டில் பத்திரிகை விளம்பரத்தை அப்படியே மறுபடி போட்டோ பிடித்து மாட்டிப் பெரிய ஆளானவர்கள் இருக்கிறார்கள் என்று மேடம் ஸ்லைடு போட்டுக் காட்டினார். வகுப்பே வாயைப் பிளந்தது. ஹரிதாவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. இதை எங்கள் நகரி ஸ்டேஷன் ரோட்டில் மோகன்ராஜ் அண்ணன் பிளேடும் கோந்தும் வைத்துக்கொண்டு எப்போதோ செய்துவிட்டாரே, அவரை யாரும் ஸ்லைடு போடவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மோகன்ராஜ் செய்த வேலையைச் சொன்னால்தான் மேற்கொண்டு கதை நகரும். தொண்ணூறுகளில் நகரி, பிச்சாட்டூர், சத்தியவேடு பக்கத்து ஆண்கள் குவைத்துக்குப் போனார்கள். தறி நின்றுபோன வீட்டிலிருந்து போனார்கள், மழை ஏமாற்றிய கழனியை விட்டுவிட்டுப் போனார்கள். போகிற அவசரத்தில் குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள யாருக்குத் தோன்றும்? வருஷம் இரண்டு கழித்து அங்கிருந்து கடிதத்தோடு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெண்டாட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவாள். "அவரையும் சேத்து ஒண்ணு எடுத்துக் குடுண்ணா" என்பாள்.

மோகன்ராஜ் அவளை ஓரமாக நிறுத்துவார். "கொஞ்சம் தள்ளிக்கோமா, அவருக்கு எடம் விடு" என்பார். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே காற்றுக்கு இடம் விட்டு நிற்பாள். அந்த இடத்தில் பிறகு ஒரு உடம்பு வந்து ஒட்டப்படும். கோட்டும் டையும் போட்ட உடம்பு. அதன் கழுத்துக்கு மேல் குவைத்திலிருந்து வந்த தலை. எல்லாவற்றையும் ஒட்டி, தூரிகையால் விளிம்பைப் பூசி மறைத்து, மறுபடி போட்டோ எடுத்துக் கொடுத்தால் முழுக் குடும்பம் தயார். கோட்டு ஸ்டுடியோவுடையது, ஆணியில் தொங்குவது. உடம்பு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த உடம்பின் இடது கை ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. நாற்காலியோடு ஒட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று மோகன்ராஜ் நாற்காலியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பிள்ளையை நிறுத்துவார். கை பிள்ளையின் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிள்ளையின் தோள் சரியாக நாற்காலி உயரத்தில் இருக்க வேண்டும். குள்ளமாக இருந்தால் கீழே செங்கல் வைப்பார். ஹரிதாவுக்கு நாலு வயதில் இரண்டு செங்கல் தேவைப்பட்டது. கவுனை இழுத்துவிட்டு அதை மறைத்தார்கள்.

இன்னொன்று உண்டு. அந்தக் கையின் ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. முதல் கணுவோடு முடிந்துவிட்டது. பிரேம் போட்டு மாட்டிய வீடுகளில் பெரியவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை, அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் கண் உயரத்துக்கு எட்டியதோ அந்தக் கைதான். ஹரிதா அதைப் பார்த்துத்தான் அப்பாவைக் கற்றுக்கொண்டாள். நைனா என்றால் கோட்டு, நைனா என்றால் தோள்மேல் கை, அந்தக் கையில் ஒரு விரல் மொட்டை.

அவளுக்கு ஏழு வயதானபோது அவள் அப்பா முனிரத்தினம் குவைத்திலிருந்து திரும்பி வந்தார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி மகளைக் கூப்பிட்டார். ஹரிதா அந்தக் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் முழுசாக இருந்தன. "இது எங்க நைனா இல்ல. எங்க நைனாக்கு வெரல் கெடையாது" என்று வீரிட்டு அழுது, பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டாள். தெருவே கூடிச் சிரித்தது. அஞ்சு வருஷம் பாலைவனத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த மனிதர் சொந்த வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அவர் ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு வந்தார். "பாரு, வெரல் போயிட்ச்சி" என்றார். ஹரிதா தொட்டுப் பார்த்து நம்பினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள்.

இந்தக் கதையைத்தான் அவள் திருப்பதிக்குக் கொண்டுபோனாள். ஊர் ஊராக அலைந்து, அதே கோட்டு உடம்பு இருக்கிற முப்பத்தொரு படங்களைச் சுவரில் இருந்தபடியே போட்டோ பிடித்து, பிரிண்ட் போட்டு, கல்லூரி ஸ்டுடியோ அறையில் வரிசையாகச் சாய்த்து வைத்துக் காட்டினாள். பத்து நாள் கழித்து மேடத்தின் தாள் வந்தது.

அதன் சாரம் இதுதான். கருத்து வலுவானது, ஆனால் நீ இன்னும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாய். பூ, பொட்டு, பிரேம், குடும்பப் பாசம் எல்லாம் பார்வையைச் சிதறடிக்கின்றன. அந்தக் கையை மட்டும் வெட்டி எடு. ஒரே அளவு, வெள்ளைச் சுவர், முப்பத்தொரு கை. தலைகளைத் தூக்கி எறி, அப்போதுதான் இது உலகத்துக்கே பொதுவாகும். அப்படிச் செய்தால் ஜூனில் பெங்களூர் கண்காட்சிக்கு இதைப் பரிந்துரைப்பேன், செய்யாவிட்டால் பாஸ் மார்க்குக்கு மேல் என்னால் போட முடியாது. அதற்கடுத்து ஒரு கேள்வி. இதில் நீ எங்கே இருக்கிறாய்? எல்லாவற்றுக்கும் கீழே, பச்சை மையில், கையால் எழுதிய ஒரு வரி. இது யாருடைய உடம்பு, அவரிடம் கேட்டாயா?

முதலில் ஹரிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் எங்கே இருக்கிறேனா? இரண்டு செங்கல்மேல் நிற்கிறேனே, கண் தெரியவில்லையா? பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, கசாப்புக் கடையா? மனசுக்குள் மேடத்தோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொட்டைத்தலை பக்தர் ஒருவர், இந்தப் பெண் தனியாக முணுமுணுக்கிறதே என்று ஒரு லட்டைப் பிட்டு நீட்டினார். வாங்கித் தின்றாள்.

பெங்களூரும் கண்ணில் ஆடியது, அதை மறைப்பானேன். அவள் வகுப்பிலிருந்து யாரும் அங்கே போனதில்லை. வெட்டி எடுப்பது ஒரு மணி நேர வேலை. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டினால் முடிந்தது.

ஆனால் பச்சை மை வரிதான் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் அது உண்மை. முப்பத்தொரு வீட்டில் கேட்டவள், அந்த உடம்புக்குச் சொந்தக்காரரைக் கேட்கவில்லை. அப்படி ஒருவர் இருப்பார் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. சுவரில் தொங்குகிறவனைத் தேடிக்கொண்டு யார் போவார்கள்? இந்த ஒன்றில் மேடம் சொன்னதுதான் சரி, நான் செய்தது தப்பு என்று நகரி ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது ஒத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனாள். ஸ்டுடியோ இப்போது பிளெக்ஸ் கடையாகியிருந்தது. மோகன்ராஜ், யாரோ ஒரு மாப்பிள்ளைக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டு ஒடம்பா? அது கங்கையா. பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தாண்ட இருக்கற ஊர்ல கீறான். குவைத்துக்கு அப்ளிகேஷன் போட போட்டோ எடுத்துக்கினான். கூடவே ஆசைக்கு ஒண்ணு, கோட்டுப் போட்டு. அப்பறம் வாங்க வரவே இல்ல. நல்லா நேரா நிப்பான்மா அவன். அதான் வெச்சிக்கினேன்."

"அவர் கைல கேட்டியாண்ணா?"

"ஒடம்பு தானே ஹரிதா? தலைய கேக்காம வெச்சாதான் தப்பு" என்றார் மோகன்ராஜ். அவருக்கு அதில் உறுத்தலே இல்லை. எழுந்து உள்ளே போய், கங்கையா வாங்காமல் விட்ட முழுப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார், கூடவே ஒரு பழைய நாற்காலியைத் தூசி தட்டி இழுத்து வந்தார். பிரம்பு முதுகு, ஒரு கால் ஆட்டம். "இது வேணா எடுத்துக்கினு போ. இதான் அது."

மறுநாள் அந்த முழுப் படத்தையும் முப்பத்தொரு பிரிண்டையும் எடுத்துக்கொண்டு அவள் பிச்சாட்டூர் பஸ் ஏறினாள். ஏரிக்கரை தாண்டி ஒரு மைல் நடை. கங்கையா வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் போட்டுக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அறுபது வயது தாண்டிய ஆள், முதுகு மட்டும் இன்னும் நேராக இருந்தது. பக்கத்தில் பெண்டாட்டி வெங்கடம்மா. ஃபைலோடு வருகிறவளைப் பார்த்ததும் கங்கையா கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாமா, ஆதார் கார்டா? போன மாசமே எடுத்தாச்சே."

"அது இல்ல பெரியப்பா. ஒரு போட்டோ காட்டணும்."

சாக்கை விரித்து, கொண்டுவந்த பிரிண்டுகளை அதன்மேல் பரப்பினாள். முதல் படத்தை அவர் தெரியாதவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இரண்டாவதிலும் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவதில் கண் நின்றது. குனிந்து தன் இடது கையை மண்ணோடு அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

"இது நம்ம கை மாரி கீதே."

"உங்க கை தான் பெரியப்பா. ஒடம்பும் உங்கள்து தான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கங்கையாவோ சாக்கைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "எத்தினி வூட்ல கீறேன்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சி முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணா!" ஒரு நிமிஷம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "கோட்டு நமக்கு எடுப்பா தான் கீது, இல்ல?"

வெங்கடம்மாதான் கத்தினாள். "முப்பத்தொரு பொம்பள பக்கத்துல நின்னுக்கினு கீறான், பாரு! யார் இவ, பூ வெச்சிக்கினு? இவ யாரு, பட்டுப்பொடவ? கட்டிக்கினு வந்து இத்தினி வருஷத்துல என் பக்கத்துல ஒரு போட்டோக்கு நின்னியா நீ?"

"நானா போய் நின்னேன்? வெட்டி ஒட்டிக்கினாங்கடி."

"ஒட்டிக்கினா ஒட்டிக்கிவியா?"

நாலைந்து படங்களில் குவைத்துக்காரர் பிறகு இறந்துபோயிருந்தார். கண்ணாடிமேல் இருந்த சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையும் பிரிண்டில் அப்படியே பதிந்திருந்தன. தன் மார்பில் மாலை கிடப்பதைப் பார்த்ததும் கங்கையாவின் பெருமை இறங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு மாலை போட்டுவிட்டார்களே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நீங்க குவைத்துக்குப் போகவே இல்லியா பெரியப்பா?"

"எங்க போறது? வெல்லம் காச்சற ஆலைல மெஷினுக்குள்ள கரும்பு குடுக்கறப்போ இந்த வெரல் போச்சி. ஒரு சாண் நெலம் கெடையாது அப்போ, வேற வேலை இன்னா கீது? ஏஜென்ட்டு மெட்ராஸ்க்கு மெடிக்கலுக்கு அனுப்பிச்சான். கோட்டு போட்டவன் ஒர்த்தன் கைய நீட்டுன்னான். நீட்னேன். மூஞ்சிய நிமிந்துகூட பாக்கலமா அவன். கைய பாத்தான், நெக்ஸ்ட்டுன்னு அடுத்தவன கூப்டுட்டான். அவ்ளோ தான் நம்ம குவைத்து."

அவர் சாக்கின்மேல் இருந்த குவைத்துக்காரர்களின் முகங்களைப் பார்த்தார். அவர்களில் இரண்டு பேர் அவருடன் அதே வரிசையில் நின்றவர்கள். அவர்கள் தலை போனது, அவர் உடம்பு இங்கேயே நின்றது.

ஹரிதா பொய் சொல்ல விரும்பவில்லை. மேடத்தின் தாளில் இருந்ததை அப்படியே சொன்னாள். கையை மட்டும் வெட்டி எடுத்து மாட்டினால் பெங்களூர் போகலாம், உங்கள் பெயரும் முகமும் எங்கேயும் வராது என்றாள்.

கங்கையாவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. முகம் கறுத்துவிட்டது.

"ஒரு தபா மோகன்ராஜி தலைய வெட்டிட்டான். மிச்சத்த நீ வெட்டப்போறியா? கை மட்டும் தான் வேணுமா? இந்தக் கைய மட்டும் பாத்தவன் எல்லாம் போதும்மா எனக்கு. வெக்கறதுன்னா எல்லாத்தையும் வை. எங்கள்து இன்னா, அவங்கள்து இன்னா, ஒருத்தர் தலையும் வெட்டாத. நம்ம தலை வெச்சது ஒண்ணு கீது இல்ல, அதையும் வை. முடியாதுன்னா எடுத்துக்கினு கெளம்பு."

ஹரிதா கடைசியாக அந்த முழுப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். நாற்பது வயது கங்கையா, கோட்டும் டையும், எண்ணெய் வாரிய தலை, நாற்காலிமேல் கை. முகத்தில் நாளைக்கே விமானம் ஏறப்போகிறவனின் மிடுக்கு. வெங்கடம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். "நல்லா தான் இருந்துக்கினான்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

கங்கையா ஒரு தாளில் தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படத்தை வைத்துக்கொள்ளலாம், யார் தலையையும் வெட்டக்கூடாது என்று அதில் இருந்தது. அவளையே சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

அந்தத் தாளை ஹரிதா கல்லூரி வராந்தாவில் மேடத்திடம் நீட்டினாள். சந்தியா மேடம் கெட்டவர் இல்லை. அதை இரண்டு தடவை படித்தார், "மஞ்சிதி, நல்ல வேலை செஞ்ச" என்றார், மனசாரத்தான் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா ஹரிதா, அவரு ஆர்ட்டிஸ்ட் இல்லம்மா, நீ ஆர்ட்டிஸ்ட். எப்படி வைக்கணும்னு முடிவு செய்யறது நீதான். முகத்தையெல்லாம் வெச்சா ஜனங்க கதைய பாத்துட்டுப் போயிடுவாங்க. வொர்க்க பாக்க மாட்டாங்க."

"கேட்டியான்னு எழுதினது நீங்க தானே மேடம்? கேட்டேன். வெட்டாதன்னு சொல்லிட்டாரு. பதில் பிடிக்கலன்னா கேட்டதுக்கு அர்த்தம் இன்னா?"

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மார்க் விஷயம் தாளில் எழுதியபடிதான் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

ஹரிதா வராந்தாத் தூணில் சாய்ந்து யோசித்தாள். கை மட்டும் முப்பத்தொன்று, வெள்ளைச் சுவர். நன்றாகத்தான் இருக்கும், சும்மா சொல்லக்கூடாது. பார்த்தவர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சில் கங்கையா இருக்க மாட்டார், வெங்கடம்மா கேட்ட கேள்வி இருக்காது, காற்றுக்கு இடம் விட்டு நின்ற பெண்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவள் மட்டும் இருப்பாள், பெயரோடு. வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஆனால் மேடம் சொன்ன ஒரே கோடு, ஒரே சீர் என்பது மனசை விட்டுப் போகவில்லை. வெட்டாமல் அதைக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். மூன்றாம் நாள் நகரி வீட்டுக்கு வந்து அந்த ஆட்டம் கண்ட நாற்காலியைப் பார்த்தபோது வழி தெரிந்தது.

இந்தத் தடவை பிரிண்ட் இல்லை, சுவரில் இருந்த படங்களையே பிரேமோடு கழற்றி வாங்கித் திருப்பதிக்கு ஒழுங்காகக் கொண்டுபோக வண்டி வேண்டும். முனிரத்தினம் இப்போது சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டுகிறார். கேட்டதும் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நம்ம போட்டோவுமா? நான் இருக்கற போட்டோல நானே இல்ல. அத வேற திருப்பதில மாட்டி, நாலு பேரு சிரிக்கணுமா? வாசல்ல சிரிச்சது போதாதா?"

"நீ இல்லன்றத தான் மாட்டப்போறேன் நைனா. உன்ன அங்க அனுப்பிட்டு இங்க நாங்க இன்னா வெச்சிக்கினு இருந்தோம்ன்றது யாருக்காவது தெரியணும் இல்ல? நீ வரலன்னா பஸ்லயே ஒவ்வொண்ணா எடுத்துக்கினு போறேன்."

அவர் மிச்சச் சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்து, வண்டியில் வைக்கோல் பரப்பினார். பழைய புடவைகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பிரேமாகச் சுற்றிக் கட்டினார். போகிற வழியில் பிச்சாட்டூர் பக்கம் திரும்பி, கங்கையாவையும் வெங்கடம்மாவையும் ஏற்றிக்கொண்டார். முன்சீட்டில் ஒட்டி உட்கார்ந்த இரண்டு ஆண்களும் திருப்பதி வருகிற வரை வேர்க்கடலை விளைச்சலைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

மதிப்பீட்டு நாள் காலை சந்தியா மேடமும் ஐதராபாத்திலிருந்து வந்த பரீட்சகரும் அறைக்குள் வந்து நின்றுவிட்டார்கள். சுவரில் பிரேம்கள் கோணல்மாணலாக ஏறி இறங்கின. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ஆனால் அத்தனை படத்திலும் அந்தக் கை மட்டும் ஒரே கோட்டில் போயிற்று, நூல் பிடித்த மாதிரி. தரையிலிருந்து சரியாக நாற்காலி முதுகின் உயரம். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, குனிய வேண்டும். கோட்டின் கடைசியில் முப்பத்திரண்டாவதாகக் கங்கையா, தலையோடு. அதற்கு முன்னால் அந்த நாற்காலி. பதினேழாவது படத்துக்குக் கீழே தரையில் இரண்டு செங்கல். மாலைகளும் பொட்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. பெயர்ச் சீட்டில் மோகன்ராஜ், கங்கையா, முப்பத்தொரு வீட்டு ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோருடைய பெயர்களும் இருந்தன. ஹரிதாவின் பெயர் பிள்ளைகளோடு பிள்ளையாக நடுவில் இருந்தது.

பரீட்சகர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கோடி முதல் மறுகோடி வரை நடந்தார். நிமிர்ந்து, "படம் எடுத்ததும் ஒட்டினதும் மோகன்ராஜ், மாட்டி வெச்சது அந்த வீட்டுக்காரங்க. இதுல நீ எங்கம்மா இருக்க?" என்று கேட்டார்.

"பதினேழாவது போட்டோல சார். ரெண்டு செங்கல் மேல நிக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை.

"ஹரிதா, கோடு பிரமாதமா இருக்கு. ஒத்துக்கறேன். இந்தக் கோட்ட மட்டும் வெச்சிருந்தா? கை மட்டும்? இப்பவும் நேரம் இருக்கு, பெங்களூருக்கு நாளைக்குதான் லிஸ்ட் போகுது."

அறையில் எல்லோரும் ஹரிதாவைப் பார்த்தார்கள். கதவருகே கங்கையா வெள்ளைச் சட்டையில் நேராக நின்றிருந்தார். முனிரத்தினம் அவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். ஹரிதா கங்கையாவைக் காட்டினாள்.

"மெட்ராஸ்ல ஒருத்தர் இவரோட கைய மட்டும் பாத்தாரு மேடம். முகத்த பாக்கல. அதனால தான் இவரு குவைத்துக்குப் போகல. நீங்களும் கைய மட்டும் பாக்கலாம்ன்றீங்க. என்னால முடியாது. பாஸ் மார்க்கே போடுங்க."

வெளியே மாருதி வேன் ஒன்று கோவிந்தா கோவிந்தா என்று பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. சந்தியா மேடம் திரும்பி, அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கங்கையாவின் முகத்தைப் பார்த்தார். "மீ பேரு?" என்று கேட்டார்.

"கங்கையா" என்றார் அவர். "கோட்டு நம்ம கோட்டு இல்லீங்க. மத்ததெல்லாம் நம்மள்து."

மேடம் தாளில் பாஸ் மார்க்கைத்தான் போட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. பெங்களூர் பட்டியலில் வேறு ஒருவர் பெயர் போயிற்று. மேடமும் பரீட்சகரும் அடுத்த அறைக்குப் போனதும் வெங்கடம்மா நாற்காலியை உதறிவிட்டு அதில் உட்கார்ந்தாள். கங்கையாவைப் பக்கத்தில் நிறுத்தி, அந்தக் கையை இழுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, "எடுமா இப்போ ஒண்ணு" என்றாள். ஹரிதா செல்போனில் எடுத்தாள். செங்கல் தேவைப்படவில்லை.

முனிரத்தினம் பதினேழாவது படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். தன் முகத்தையும் அதன் கீழே தனதல்லாத உடம்பையும் வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது, "வெளிய போய் எதாச்சும் துன்னுட்டு வருவோம் வா" என்று மட்டும் சொன்னார். மகள் தோற்றதாக அவர் நினைக்கவில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

கல்லூரி வாசலில் பஸ்ஸும் ஆட்டோவும் விடாமல் வந்துகொண்டிருந்தன. சாலையைக் கடக்க முனிரத்தினம் பழக்கத்தில் மகளின் கையைப் பிடித்தார். இருபத்துமூன்று வயதுப் பெண்ணை நாலு பேர் பார்க்க இப்படிப் பிடித்துக்கொண்டு போகிறாரே என்று எப்போதும் கூச்சப்படுகிறவள், இன்று அந்தப் பிடியைக் கவனித்தாள். நாலு விரல்தான் அவள் கையைப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. பதினாறு வருஷமாக அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கே மறந்துபோயிருக்கும்.

ஹரிதா சாலையோரத்தில் நின்றாள். அவர் கையைத் திருப்பி, மடங்கிய விரலை இழுத்தாள். அது லேசில் வரவில்லை.

"நீட்டு நைனா" என்றாள். "எனக்கு இந்த வெரலும் வேணும்."